லினக்ஸில் பிளக்இன் ஏறவில்லையா? என் கடையில் நான் பார்க்கும் வரிசை

நவம்பர் முதல் இரண்டு வாரம் மன்னார்குடியில் என் கம்ப்யூட்டர் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. சம்பா நடவு முடிந்த கையோடு பயிர்க் காப்பீடு, அடங்கல், சிட்டா என்று கேரி பையில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான், முன்பு என்னிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு இப்போது முத்துப்பேட்டையிலோ பாபநாசத்திலோ சொந்தமாகக் கடை வைத்திருக்கும் தம்பிகளிடமிருந்து போன் வரும். "அக்கா, பிளக்இன் ஏற மாட்டேங்குது." பிரவுசரில், அதாவது ஃபயர்பாக்ஸ், குரோம் போன்ற இணையம் பார்க்கும் மென்பொருளில், கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் இயங்குதளமான லினக்ஸ் எனக்குப் பழக்கமானது 2014இல். அந்த ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்தியது. புது விண்டோஸ் வாங்கக் காசில்லை, பழைய விண்டோஸில் பென்டிரைவ் வைரஸ் தாங்கவில்லை. இப்போது கடையில் நான்கு கணினிகள். மூன்றில் லினக்ஸ், ஒன்றில் விண்டோஸ். அந்த ஒன்று எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

"ஏறல" என்று போனில் சொல்வது ஒரு வார்த்தைதான். அதற்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. பம்புசெட் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பதை நினைத்துப் பாருங்கள். மோட்டாரே ஓடவில்லையா, மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லையா, நேற்று வரை வந்தது இன்று நின்றுவிட்டதா? மூன்றுக்கும் அவர் கைவைக்கும் இடம் வேறு. பிளக்இன்னும் அப்படியே. நிறுவவே முடியவில்லையா, நிறுவியும் வேலை செய்யவில்லையா, ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டதா என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம்.

ஒரு சிறு ஏற்பாடு. கட்டளைகளை நான் போனில் சொல்வது போலவே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. சொல்லுக்குச் சொல் இடைவெளி. ஹைபன் என்று வந்தால் சிறு கோடு, அதற்கு அடுத்த எழுத்து இடைவெளியில்லாமல் அதை ஒட்டியே வரும். பொதியின் (நிறுவும் மென்பொருளின்) பெயருக்கு நடுவில் ஹைபன் வந்தால் இரண்டு பக்கமும் ஒட்டும். அண்டர்ஸ்கோர் என்றால் அடிக்கோடு, அதுவும் இரண்டு பக்கமும் ஒட்டும். சுடோ என்று தொடங்கும் கட்டளை நிர்வாகி அதிகாரத்தோடு ஓடுவதால் கடவுச்சொல் கேட்கும். நீங்கள் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், தட்டி முடித்து என்டர் அடியுங்கள்.

முதலில்: நீங்கள் தேடும் பிளக்இன் உயிரோடு இருக்கிறதா?

இதைச் சோதிக்காமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தவர்கள் உண்டு. நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

பிளக்இன் என்பதும் எக்ஸ்டென்ஷன் என்பதும் ஒன்றல்ல. ஃபிளாஷ், ஜாவா, சில்வர்லைட் போன்றவை பிளக்இன்கள். அவை பிரவுசருக்கு வெளியே எழுதப்பட்ட தனி நிரல்கள், பிரவுசருக்குள் செருகிக்கொண்டு ஓடும். தமிழில் செருகுநிரல் என்ற சொல் இவற்றுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். எக்ஸ்டென்ஷன் வேறு. பிரவுசர் வகுத்த விதிக்குள் எழுதி, அதன் கடையிலிருந்தே இறக்கிக்கொள்வது. விளம்பரத் தடுப்பான் போன்றவை அந்த வகை. ஃபயர்பாக்ஸ் இதை ஆட்ஆன் என்கிறது. பேச்சில் எல்லாவற்றையும் பிளக்இன் என்றே சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய வகைப் பிளக்இன்கள் 1990களில் நெட்ஸ்கேப் காலத்தில் வந்த ஏற்பாடு. லினக்ஸ் குரோம் 2014லேயே அதைக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் வந்த 52ஆம் பதிப்பில் ஃபிளாஷை மட்டும் விட்டுவைத்து மற்றதை நிறுத்தியது. ஃபிளாஷுக்கு அடோபியே 2020 டிசம்பர் 31இல் மூடுவிழா நடத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயர் தானாகவே உள்ளடக்கத்தைக் காட்ட மறுத்தது, அதே மாதம் வந்த ஃபயர்பாக்ஸ் 85 அதை முழுதாகக் கழற்றிவிட்டது. ஜாவா பிளக்இன்னின் கதையும் 2018இல் ஜாவா 11 வந்தபோது முடிந்தது.

ஆனால் இணையத்தில் தேடினால், "இந்தக் கோப்பை இறக்கி மொசில்லா ஃபோல்டருக்குள் பிளக்இன்ஸ் என்று ஓர் உட்ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள்" என்று பத்து வருடத்துக்கு முந்தைய குறிப்புகள் இன்னும் முதலில் வந்து நிற்கின்றன. அவை எழுதப்பட்ட காலத்தில் சரி. இப்போது கோப்பை எங்கே வைத்தாலும் பிரவுசர் திரும்பிப் பார்க்காது.

ஆகவே ஒரு தளம் "ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கவும்" என்று இன்று கேட்டால் அது பழைய, பராமரிப்பில்லாத தளம், இல்லையென்றால் ஏமாற்று வேலை. இரண்டாவதுதான் அதிகம். எதையும் இறக்காமல் மூடிவிடுங்கள்.

ஃபயர்பாக்ஸில் ஆட்ஆன்ஸ் பக்கத்தைத் திறந்து பிளக்இன்ஸ் என்ற பகுதியைப் பார்த்தால் இன்று இரண்டே பெயர்கள் இருக்கும். ஓப்பன்எச்264, வைட்வைன். இரண்டும் வீடியோ சம்பந்தப்பட்டவை, பிரவுசரே இறக்கிக்கொள்ளும். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து: எந்த வழியாக வந்த ஃபயர்பாக்ஸ்?

என்னைக் கேட்டால் இதுதான் இந்த விஷயத்தின் மையம். லினக்ஸில் ஒரே ஃபயர்பாக்ஸ் மூன்று நான்கு வழிகளில் வந்து சேரும். டெப் பொதியாக, ஸ்நாப்பாக, ஃபிளாட்பேக்காக, அல்லது ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் தளத்திலிருந்து சுருக்கிய கோப்பாக. எல்லாம் மென்பொருளைக் கட்டித் தரும் வெவ்வேறு முறைகள். பார்க்க எல்லாம் ஒரே நரி, ஒரே ஐகான். ஆனால் ஸ்நாப்பும் ஃபிளாட்பேக்கும் பிரவுசரை ஒரு வேலிக்குள் வைத்து ஓட்டுகின்றன. வேலிக்கு வெளியே இருக்கும் கோப்பு, டிரைவர், துணை நிரல் எதுவும் எளிதில் கண்ணில் படாது. பாதுகாப்புக்கு அது நல்லது. பிளக்இன் மாதிரி வெளியே இருக்கும் ஒன்றோடு கை கோக்க வேண்டிய வேலைக்குத் தலைவலி.

லினக்ஸிலேயே உபுண்டு, மின்ட், டெபியன் என்று பல வகை உண்டு. உபுண்டு 22.04இலிருந்து ஃபயர்பாக்ஸ் ஸ்நாப்பாகவே வருகிறது. நீங்கள் ஏபிடி என்ற நிறுவும் கட்டளை மூலம் நிறுவினாலும் உள்ளே ஸ்நாப்தான் இறங்கும். லினக்ஸ் மின்ட் இதற்கு நேர்மாறு. 2020இல் வந்த மின்ட் 20இலிருந்து ஸ்நாப்பைத் தானாக வர விடுவதில்லை, ஃபயர்பாக்ஸை டெப் பொதியாகவே தருகிறது. டெபியனில் ஈஎஸ்ஆர் என்ற நீண்ட ஆதரவுப் பதிப்பு இருக்கும். கடைக்கு எதைப் போடலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் மின்ட் என்றே சொல்கிறேன், காரணங்களில் இது ஒன்று.

உங்களுடையது எது என்று பார்க்க டெர்மினல்கூடத் தேவையில்லை. ஃபயர்பாக்ஸ் மெனுவில் ஹெல்ப், அதற்குள் அபௌட் ஃபயர்பாக்ஸ். சின்ன சாளரத்தில் பதிப்பு எண்ணுக்குக் கீழே ஸ்நாப் ஃபார் உபுண்டு என்று இருந்தால் ஸ்நாப். ஃபிளாட்பேக் என்றோ ஃபிளாட்ஹப் என்றோ இருந்தால் ஃபிளாட்பேக். டெர்மினலில் பார்க்க விரும்பினால் "ஸ்நாப் லிஸ்ட்" என்று தட்டுங்கள், பட்டியலில் ஃபயர்பாக்ஸ் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

கூடவே "யூநேம் ஹைபன் எம்" என்று ஒரு முறை தட்டிப் பார்த்துவிடுங்கள். எக்ஸ்86 அண்டர்ஸ்கோர் 64 என்று வந்தால் 64 பிட். ஐ686 என்று வந்தால் 32 பிட். 2011இல் அரசு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது வந்தவற்றில் விண்டோஸோடு போஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். அந்தக் காலத்து மடிக்கணினிகள் நம் பக்கம் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் பலர் "ரேம் கம்மி" என்று 32 பிட் லினக்ஸைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கூகுள் 2016லேயே 32 பிட் லினக்ஸுக்குக் குரோம் தருவதை நிறுத்தியது. ஃபயர்பாக்ஸும் 145ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது. அதில் புது எக்ஸ்டென்ஷன் ஏறவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் மேல் குற்றமில்லை. "எல்எஸ்சிபியு" என்று தட்டினால் வரும் விவரத்தில் 32 பிட், 64 பிட் இரண்டும் எழுதியிருந்தால் உங்கள் பிராசசர் இரண்டையும் தாங்கும். கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு 64 பிட் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். இடையில் செய்யும் ஒட்டுவேலை எதுவும் நிற்காது.

நிறுவவே முடியவில்லை என்றால்

கடிகாரத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், என் அனுபவத்தில் பழைய கணினிகளில் முதல் குற்றவாளி இதுதான். மதர்போர்டில் சிறு நாணயம் அளவில் சிஆர்2032 என்று ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கணினியின் தேதி பழைய ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கெல்லாம் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி 2010இல் நின்றுகொண்டு, 2025இல் கொடுத்த சான்றிதழைப் பார்த்தால் "இது இன்னும் பிறக்கவே இல்லையே" என்று மறுத்துவிடும். ஆட்ஆன் தளம் திறக்காது, திறந்தாலும் எக்ஸ்டென்ஷனின் கையொப்பத்தை ஏற்காது.

கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பர் கடைசியில், பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்து மீண்டும் ஓடத் தொடங்கிய கணினிகளில் இதை வரிசையாகப் பார்த்தேன். வேதாரண்யம் பக்கத்திலிருந்து கொண்டுவந்த ஒரு சிபியூவில் உள்ளே உப்புக்காற்றுத் துரு. பேட்டரியைக் கழற்றக்கூட முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"டைம்டேட்சிடிஎல்" என்று தட்டினால் தேதி, நேரம், நேர மண்டலம் எல்லாம் வரும். ஏசியா கொல்கத்தா என்று இருக்க வேண்டும். தவறாக இருந்தால் "சுடோ டைம்டேட்சிடிஎல் செட் ஹைபன் என்டிபி ட்ரூ" கொடுங்கள். இதில் செட்டும் என்டிபியும் ஹைபனோடு ஒட்டி ஒரே சொல்லாக வரும். இணையம் இருந்தால் தேதி தானே சரியாகும். போனிலிருந்து நெட் எடுப்பவர்கள் முதலில் நெட்டை இணைத்து, தேதி சரியானதைப் பார்த்து, அப்புறம் பிரவுசரைத் திறங்கள். நிரந்தரத் தீர்வு புது பேட்டரி. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியில் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று இந்திய நேரத்தையும் மற்றொன்று சர்வதேச நேரத்தையும் அதே கடிகாரத்தில் எழுதுவதால் வரும் சண்டை அது.

அடுத்து இடம். "டிஎஃப் ஹைபன் எச்" என்று தட்டி, வெறும் சாய்கோடு போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் எதுவும் ஏறாது. சில நேரம் பிழைச் செய்திகூட வராமல் சும்மா நிற்கும். "சுடோ ஏபிடி கிளீன்" கொடுத்தால் இறக்கி வைத்த பழைய பொதிக் கோப்புகள் போகும்.

இப்போது கரண்ட் கட்டுக்கு வருவோம். ஏபிடி ஏதோ ஒன்றை நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால், அடுத்த முறை எதை நிறுவப் போனாலும் "டிபிகேஜி (பொதிகளை நிறுவும் உள் நிரல்) இடையில் தடைபட்டது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்து நிற்கும். மருந்தும் அந்தச் செய்தியிலேயே இருக்கும். "சுடோ டிபிகேஜி ஹைபன் ஹைபன் கான்ஃபிகர் ஹைபன் ஏ". முதல் இரண்டு ஹைபன்களும் ஒட்டி வரும், கடைசி ஹைபனுக்கு முன்னால் ஒரு இடைவெளி உண்டு, அதற்கும் ஏவுக்கும் நடுவில் இல்லை. அது முடிந்ததும் "சுடோ ஏபிடி ஹைபன் ஹைபன் ஃபிக்ஸ் ஹைபன் புரோக்கன் இன்ஸ்டால்". இதில் ஃபிக்ஸும் புரோக்கனும் ஹைபனோடு ஒட்டி ஒரே சொல்லாக வரும். இந்த இரண்டும் பெரும்பாலும் போதும். பிறகு "சுடோ ஏபிடி அப்டேட்".

இதற்குப் பதிலாக லாக் என்ற சொல்லோடு ஒரு செய்தி வந்தால் அது வேறு. கணினி பின்னணியில் தானாக அப்டேட் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இணையத்தில் சிலர் அந்த லாக் கோப்பை அழித்துவிடச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள், பத்து நிமிடத்தில் அதுவே விடும்.

அடுத்தது கொஞ்சம் வெட்கமான கதை. சில வருடம் முன்பு என் கணினி ஒன்றில் எந்த எக்ஸ்டென்ஷனும் ஏறவில்லை. இறங்கும், நிறுவியது போலக் காட்டும், பிரவுசரை மூடித் திறந்தால் காணாமல் போயிருக்கும். தேதி சரி, இடம் இருந்தது, நெட் நன்றாக இருந்தது. கடைசியில் பார்த்தால், எப்போதோ அவசரத்தில் நானே டெர்மினலிலிருந்து சுடோ போட்டு ஃபயர்பாக்ஸைத் திறந்திருக்கிறேன். அன்றிலிருந்து என் புரொஃபைல், அதாவது புக்மார்க்கும் எக்ஸ்டென்ஷனும் இருக்கும் ஃபோல்டரின் கோப்புகளில் சிலவற்றுக்கு ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு சொந்தக்காரராகிவிட்டது. என் வீட்டுப் பட்டா இன்னொருவர் பெயருக்கு மாறின மாதிரி. நான் குடியிருக்கலாம், சுவரில் ஆணி அடிக்க முடியாது.

உங்களுக்கும் இப்படி என்று சந்தேகம் வந்தால் பிரவுசரை மூடிவிட்டு "சுடோ சௌன் ஹைபன் பெரிய ஆர்" என்று தொடங்குங்கள். சௌன் என்பது சி, எச், ஓ, டபிள்யூ, என். ஹைபனுக்கு அடுத்து வரும் ஆர் மட்டும் இந்த வழிகாட்டியிலேயே பெரிய எழுத்து. பிறகு இடைவெளி விட்டு உங்கள் பயனர் பெயர், முக்காற்புள்ளி, மறுபடி அதே பெயர், எல்லாம் ஒட்டி. பிறகு இடைவெளி விட்டு மொசில்லா ஃபோல்டரின் பாதை. டெப் பொதி என்றால் அது உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் மொசில்லா ஃபோல்டர். ஸ்நாப் என்றால் ஹோமுக்குள் ஸ்நாப், அதற்குள் ஃபயர்பாக்ஸ், அதற்குள் காமன் என்று போக வேண்டும். பாதையைக் கையால் தட்டாமல், ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோலும் எச்சும் அழுத்தி மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் செய்து, ஃபோல்டரை இழுத்து டெர்மினலில் போட்டால் பாதை தானே விழும். ஒரு எழுத்துப் பிசகினாலும் வேறு ஃபோல்டரின் சொந்தக்காரரை மாற்றிவிடும் கட்டளை இது, அதனால் இந்தச் சிரத்தை.

ஆட்ஆன் "சரிபார்க்க முடியவில்லை" என்று வந்தால், அதற்கு மொசில்லாவின் கையொப்பம் இல்லை. 2016இலிருந்து சாதாரண ஃபயர்பாக்ஸில் இந்தச் சோதனையை அணைக்க வழியில்லை. அப்படி ஓர் எக்ஸ்டென்ஷனை யாராவது பென்டிரைவில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "சேதமடைந்திருக்கிறது" என்று வந்தால் பெரும்பாலும் பாதியில் அறுந்த டவுன்லோடு, மறுபடி முயன்றால் வந்துவிடும்.

அலுவலகத்திலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய கணினி என்றால், முகவரிப் பட்டையில் அபௌட், முக்காற்புள்ளி, பாலிசிஸ் என்று தட்டிப் பாருங்கள். பழைய முதலாளி எக்ஸ்டென்ஷனுக்குப் போட்ட பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

ஏறிவிட்டது, வேலை செய்யவில்லை

இந்த வகைப் போன்கள்தான் எனக்கு அதிகம், தீர்வும் சுலபம். முதல் கேள்வி: பிரைவேட் விண்டோவில் பார்க்கிறீர்களா? கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் விவரம் தங்கக் கூடாதென்று எல்லாவற்றையும் அதில்தான் திறப்பார்கள், அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் 2019இல் வந்த ஃபயர்பாக்ஸ் 67இலிருந்து, புதிதாக நிறுவும் எக்ஸ்டென்ஷன் தானாக பிரைவேட் விண்டோவில் ஓடாது. ஆட்ஆன்ஸ் பக்கத்தில் அந்த எக்ஸ்டென்ஷனைத் திறந்து, ரன் இன் பிரைவேட் விண்டோஸ் என்பதற்கு அலோ கொடுங்கள். குரோமில் இன்காக்னிட்டோவுக்கும் இதே போல ஒரு சுவிட்ச் உண்டு.

இரண்டாவது, ஐகான் காணோம் என்பது. காணாமல் போகவில்லை. மேலே புதிர்த்துண்டு வடிவில் ஒரு பட்டன் இருக்கும், எல்லாம் அதற்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும். அடிக்கடி வேண்டியதை பின் டு டூல்பார் கொடுத்து வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இல்லையென்றால் ஹெல்ப் மெனுவில் டிராபிள்ஷூட் மோட். எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் தற்காலிகமாக அணைத்துவிட்டுப் பிரவுசர் திறக்கும். கோளாறு காட்டிய தளம் அதில் ஒழுங்காக ஓடினால் எக்ஸ்டென்ஷன்களுக்குள்தான் சண்டை. ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்துப் பிடிக்க வேண்டும். அதிலும் ஓடவில்லை என்றால் அபௌட், முக்காற்புள்ளி, புரொஃபைல்ஸ் பக்கத்தில் புதிய புரொஃபைல் ஒன்று உருவாக்கி அதில் பாருங்கள். பழையதை அழிக்க வேண்டாம், புக்மார்க்குகள் அதில் இருக்கின்றன.

நேற்று வரை ஓடியது

ஒரே நாளில் எல்லா எக்ஸ்டென்ஷனும் சாம்பல் நிறமாகிப்போனால் பழைய பிரவுசர் என்று பொருள். ஃபயர்பாக்ஸ் ஆட்ஆன்களைச் சரிபார்க்கும் மூலச் சான்றிதழ் ஒன்று 2025 மார்ச் 14இல் காலாவதியானது. 128க்கு முந்தைய பதிப்புகளும், ஈஎஸ்ஆரில் 115.13க்கு முந்தையவையும் அடிபட்டன. பிரவுசரைப் புதுப்பிப்பது தவிர வேறு வழி இல்லை. 2019 மே மாதத் தொடக்கத்திலும் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க ஒரே இரவில் ஆட்ஆன்கள் நின்றன. அன்று என் கடையின் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டே அரை நாள் போக்கினேன்.

குரோமில் இனி ஆதரவில்லை என்று எக்ஸ்டென்ஷன் அணைந்தால் அது கூகுளின் விதிமாற்றம். மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷன் விதிமுறையின் இரண்டாம் பதிப்பில் எழுதியவற்றை 2024இலிருந்து படிப்படியாக நிறுத்தினார்கள். யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் அதில் போனது. ஃபயர்பாக்ஸில் அது இன்னும் ஓடுகிறது.

வீடியோ மட்டும் ஓடவில்லை

இதற்கு எக்ஸ்டென்ஷன் தேடாதீர்கள். வீடியோவை விரித்துக் காட்டும் கோடெக் என்ற நிரல் இல்லை என்பதுதான் விஷயம். மின்டில் மெனுவில் மல்டிமீடியா கோடெக்ஸ் என்று தேடினால் நிறுவும் வழி கிடைக்கும். உபுண்டுவில் "சுடோ ஏபிடி இன்ஸ்டால் உபுண்டு ஹைபன் ரெஸ்ட்ரிக்டட் ஹைபன் எக்ஸ்ட்ராஸ்". நடுவில் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கான ஒப்பந்தம் ஒரு வண்ணத் திரையில் வந்து நிற்கும். என்டர் அடித்தால் நகராது, மவுஸும் வேலை செய்யாது. எத்தனை பேர் அந்த இடத்தில் கணினி தொங்கிவிட்டது என்று சுவிட்சை அணைத்திருக்கிறார்கள் தெரியுமா? டேப் ஒரு முறை அடித்தால் ஓகே சிவப்பாகும், பிறகு என்டர்.

படம் பார்க்கும் தளங்களில் டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) என்று கேட்டால் ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் டிஆர்எம் உள்ளடக்கத்தை ஓட்ட அனுமதி கொடுங்கள், வைட்வைனை அதுவே இறக்கிக்கொள்ளும். குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசரில் இது சேர்ந்து வருவதில்லை.

தமிழ் தட்டச்சு எக்ஸ்டென்ஷன்

வேண்டாம். அது பிரவுசரின் முகவரிப் பட்டையில்கூட ஓடாது, ஆபீஸ் கோப்பில் ஓடவே ஓடாது. ஐபஸ் ஹைபன் எம்17என் என்ற பொதியை நிறுவி, லாக் அவுட் செய்து வந்து, உள்ளீட்டு மொழியில் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பைச் சேர்த்துக்கொண்டால் கணினி முழுக்க எல்லா இடத்திலும் தமிழ் வரும். ஒலிப்படி தட்டுகிறவர்களுக்கு ஃபொனெட்டிக்கும் அங்கேயே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஓர் எக்ஸ்டென்ஷன் "எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்டால், வாடிக்கையாளர் தட்டும் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் படிக்கலாம் என்று பொருள். ஊர் ஜனம் நம்பி வந்து தட்டும் கணினி. என் கடையில் ஒவ்வொரு பிரவுசரிலும் யூபிளாக் ஆரிஜின் ஒன்றுதான் இருக்கிறது.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன்

டெண்டர் போன்றவற்றுக்கு இணையத்திலேயே கையொப்பமிட, கான்ட்ராக்டர்களும் ஆடிட்டர் ஆபீஸ் பையன்களும் கொண்டுவரும் பென்டிரைவ் மாதிரியான சமாச்சாரம். லினக்ஸில் இதை ஓட்ட முடியும், பொறுமை வேண்டும். இதைப் படி மாறாமல் செய்யுங்கள்.

1. "சுடோ ஏபிடி இன்ஸ்டால் பிசிஎஸ்சிடி பிசிஎஸ்சி ஹைபன் டூல்ஸ்" கொடுங்கள். டோக்கனைச் செருகி "பிசிஎஸ்சி அண்டர்ஸ்கோர் ஸ்கேன்" என்று தட்டுங்கள். டோக்கனின் பெயர் திரையில் வர வேண்டும். வராவிட்டால் பிரவுசர் பக்கமே போகாதீர்கள். யூஎஸ்பி துளையை மாற்றுங்கள், மேசைக் கணினி என்றால் பின்பக்கத் துளையில் செருகுங்கள்.

2. டோக்கன் நிறுவனம் தரும் லினக்ஸ் டிரைவரை நிறுவுங்கள். அது எஸ்ஓ என்று முடியும் கோப்பு ஒன்றைக் கணினியில் வைக்கும். எங்கே வைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழே செக்யூரிட்டி டிவைசஸ், அதில் லோட். அந்த எஸ்ஓ கோப்பைக் காட்டுங்கள்.

மூன்றாம் படியில் தடுக்கினால் முன்பு சொன்ன வேலிதான் காரணம். டிரைவர் கோப்பு கணினியின் லிப் ஃபோல்டரில் இருக்கிறது. ஸ்நாப் ஃபயர்பாக்ஸ் லிப் என்று பார்ப்பது தன் வேலிக்குள் இருக்கும் வேறொரு லிப்பை. நீங்கள் காட்டும் கோப்பு அதன் கண்ணுக்கு இல்லவே இல்லை. இதற்கு மொசில்லாவே 2024இலிருந்து தரும் டெப் பொதியைப் போடுவதுதான் வழி. அவர்கள் உதவிப் பக்கத்தில் உள்ள கட்டளைகளை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். அதில் முன்னுரிமை கொடுக்கும் படி ஒன்று வரும், அதைத் தாண்டிப் போனால் உபுண்டு மறுபடி ஸ்நாப்பையே கொண்டுவந்து வைக்கும். புது ஃபயர்பாக்ஸ் வெறும் புரொஃபைலோடு திறக்கும், ஆகவே புக்மார்க்குகளை முன்பே எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்தும் சில தளங்கள் தங்களுடைய கையொப்ப மென்பொருள் ஒன்றைத் தனியாக நிறுவச் சொல்லும், அது விண்டோஸுக்கு மட்டும் இருக்கும். ஒரு தளத்துக்காக நான் இரண்டு இரவு முயன்று பார்த்திருக்கிறேன். டெண்டர் மாலை மூன்று மணிக்கு மூடுகிறது, ஆள் எதிரில் வியர்த்துக்கொண்டு நிற்கிறார், அந்த நேரத்தில் லினக்ஸ் பற்றைக் காட்டக் கூடாது. நான்காவது கணினி இதற்குத்தான்.

வேலை முடிந்ததும் தளத்திலிருந்து வெளியேறி, பிரவுசரை மூடி, அப்புறம் டோக்கனைக் கழற்றி உடையவர் கையில் கொடுத்துவிடுங்கள். என் மேசை டிராயரில் இப்போது மறந்துபோன டோக்கன்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று யாருடையது என்று தெரியும், அறுவடை முடிந்து வருவதாகச் சொன்னார். இன்னொன்றுக்கு இதுவரை யாரும் வரவில்லை.